தலைமைக்கும் குலக்கல்வியா?

2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், ஆப்பிரிக்காவில் காபோன் என்னும் தேசத்தில் பட்டாளத்தார் ஆட்சியைப் பிடுங்கிக் கொண்டார்கள் என்கின்ற சேதி வந்தபோது, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கத்து டீக்கடை ஒன்றில் பத்திரிகை படித்துக் கொண்டிருந்த ஒருவர், "அந்த ஊர்களில் எல்லாம் இப்படித்தான் அண்ணே, பொழுது விடிந்தால் ஒரு ராஜா" என்று சொல்ல, சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. பாடுபட்டுப் பிழைக்கின்றவர்கள். ஆனாலும் அந்தச் சிரிப்புக்குள் ஒரு ஜாதித் திமிர் ஒளிந்திருக்கிறது. நம்மைக் கீழே வைத்து ஒருவன் சிரித்தால் கோபப்படுகின்ற நாம், நமக்குக் கீழே ஒருவன் கிடைத்தான் என்றவுடன் அதே சிரிப்பைச் சிரிக்கின்றோம்.

காபோனில் பட்டாளத்தார் யாரைப் பிடித்து வீட்டில் அடைத்தார்கள்? அலி போங்கோ என்பவரை. அவருக்கு அந்த நாற்காலி எப்படி வந்தது? அவர் தகப்பனார் ஓமார் போங்கோ என்பவர் 1967 முதல் 2009-இல் சாகும் வரையில் அதில் உட்கார்ந்திருந்தார். அவர் செத்த வருஷமே மகன் உட்கார்ந்தார். தேர்தல் நடக்காமல் அல்ல. தேர்தல் நடந்துதான் வந்தார். ஓட்டுப் பெட்டியும் இருந்தது, பிரசாரமும் இருந்தது. அப்பனும் மகனுமாக ஒரே வீட்டார் ஐம்பத்தைந்து வருஷத்துக்குமேல் ஆண்டார்கள். வாசற்கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக் கொண்டால் எவனாவது ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்கத்தான் செய்வான். இறங்கினவன் யோக்கியன் என்று நாம் சொல்லவில்லை. இறங்கிய காவற்படைத் தலைவர் 2025-இல் தாமே தேர்தலுக்கு நின்று தாமே ஜெயித்தும் கொண்டார். நாம் சொல்வது, தாழ்ப்பாள் போட்டவனைப் பற்றிப் பேசாமல் ஓடு பிரித்தவனைப் பற்றி மாத்திரம் சிரிப்பது அரைகுறைப் புத்தி என்பதேயாகும்.

நாம் காலேஜில் சரித்திரம் படித்தவர்கள் அல்ல. நூல்நிலையத்தில் பத்திரிகைகளைப் புரட்டி, எந்த நாட்டில் யார் போய் யார் வந்தார், போனவர் எப்படிப் போனார், வந்தவர் எப்படி வந்தார் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கும் பழக்கம் மாத்திரம் உண்டு. அந்த நோட்டைப் புரட்டினால் ஆப்பிரிக்கா என்பது ஒரே மூட்டை அல்ல, ஐம்பத்து நான்கு நாடுகள் என்பது முதலில் தெரிகிறது. அதில் வெட்கக்கேடும் உண்டு, நாம் கைகட்டிப் பாடம் கேட்க வேண்டிய சங்கதியும் உண்டு.

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுவோம். ஈக்வடோரியல் கினி என்னும் நாட்டில் 1979-இல் தன் மாமனையே கவிழ்த்துப் பதவிக்கு வந்தவர், 2022 தேர்தலிலும் தாமே ஜெயித்ததாக அறிவிக்கச் செய்தார். காமரூனில் 1982-இல் வந்தவர் 2025-இல் தொண்ணூற்றிரண்டாம் வயதில் மறுபடியும் ஜெயித்ததாகச் சொல்லப்பட்டது. டோகோவில் தகப்பன் 1967 முதல் 2005-இல் சாகும் வரை. செத்த கையோடு பட்டாளத்தார் மகனை உட்கார வைத்தார்கள். மாலி, கினி, புர்க்கினா பாசோ, நைஜர் என்று 2020-க்குப் பிறகு பட்டாளத்தார் புகுந்த நாடுகளும் வரிசையாக இருக்கின்றன.

மற்றப் பக்கத்தைப் பாருங்கள். செனகல் நாட்டில் செங்கோர் 1980 டிசம்பர் கடைசி நாளில், உடம்பில் உயிரும் கையில் அதிகாரமும் இருக்கும்போதே, தாமாக விலகினார். தான்சானியாவில் நியரேரே 1985-இல் விலகினார். நெல்சன் மண்டேலா இருபத்தேழு வருஷம் ஜெயிலில் கிடந்தவர். அவர் கேட்டிருந்தால் ஆயுசுக்கும் தந்திருப்பார்கள். ஐந்தே வருஷம் இருந்துவிட்டு 1999-இல் எழுந்து போனார். பெனின் நாட்டில் பட்டாளத்து வழியாக வந்த கெரேக்கு 1991-இல் ஓட்டில் தோற்றார், தோற்றதை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போனார், 1996-இல் ஓட்டு வாங்கியே திரும்பி வந்தார். கானாவில் 2001, 2009, 2017, 2025 என்று நான்கு முறை ஒரு கட்சியார் மற்றக் கட்சியாரிடம் ஆட்சியை ஒப்படைத்திருக்கிறார்கள். மலாவியில் 2019-இல் நடந்த தேர்தலில், ஓட்டுக் கணக்குத் தாள்களில் வெள்ளை மை பூசி எண்களைத் திருத்தியிருந்தார்கள். அந்நாட்டு நீதிபதிகள் அந்தத் தேர்தலையே செல்லாது என்று தள்ளி, 2020-இல் மறுதேர்தல் நடந்து ஆளுங்கட்சி தோற்றது. அப்போது ஜெயித்தவரும் 2025-இல் தோற்று இறங்கினார். போட்ஸ்வானாவில் 1966 முதல் 58 வருஷம் ஆண்ட கட்சி 2024-இல் தோற்றது. பிரசிடெண்டு மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார்.

நம்மவர்களுக்கு மிகவும் நெருங்கியது மோரீசு. நம் தமிழ் மக்கள் பல தலைமுறைக்கு முன் கப்பலேறிப் போய்க் கல்லுடைத்துக் கரும்பு வெட்டிய தீவு. அதுவும் ஆப்பிரிக்கக் கணக்கைச் சேர்ந்ததே. அங்கே 2017-இல் பிரதம மந்திரி அநிருத் ஜகநாத் என்பவர், தேர்தல் எதுவும் இல்லாமல், தாம் எழுந்து தம் மகனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த மகனை ஜனங்கள் 2024-இல் ஓட்டுப் போட்டு விரட்டினார்கள். கைதட்டலாம் என்று பார்த்தால், விரட்டிவிட்டு யாரைக் கொண்டுவந்தார்கள்? அத்தீவின் முதல் பிரதம மந்திரியாக இருந்த இராம்கூலாமுடைய மகனை! ஒரு மகனை வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் ஜனங்களுக்கு உண்டு. ஆனால் இன்னொரு மகனைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். இதைப் படிக்கும்போது நமக்கு எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா இல்லையா?

இருக்கட்டும், நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். நம் மக்களுக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிட வேண்டும். 1967-இல் இந்த ராஜ்யத்தில் காங்கிரஸ் தோற்றது. அப்போது முதல் மந்திரியாக இருந்தவர் பூந்தமல்லிக்கு அடுத்த நசரத்பேட்டையில் பிறந்த பக்தவத்சலம் அவர்கள். அவர் தோற்றது எங்கே? அதே சாலையில் இன்னும் மேற்கே போனால் வருகின்ற ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியில். விருதுநகரில் காமராசரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். போலீசும் கஜானாவும் கையில் இருந்தும் ஒருவரும் கோட்டைக் கதவைச் சாத்திக் கொள்ளவில்லை. அதற்குப் பிறகும் 1977, 1989, 1991, 1996, 2001, 2006, 2011, 2021 என்று ஓட்டுப்பெட்டி திறந்த அன்றே ஆள் மாறிற்று. இந்தப் பெருமை தலைவர்களைச் சேர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெயிலில் வரிசையில் நின்ற மில் தொழிலாளியையும் களையெடுத்துவிட்டு ஓட்டுப் போட வந்த பெண்பிள்ளையையும் சேர்ந்தது அது.

ஆனால் ஒரு கட்சிக்கும் இன்னொரு கட்சிக்கும் நடுவில் ஆட்சி ஒழுங்காகக் கைமாறுகின்ற இந்த நாட்டில், ஒரு கட்சிக்கு உள்ளே தலைமை எப்படிக் கைமாறுகிறது என்று பாருங்கள். நோட்டில் எழுதவே கை கூசுகிறது. 1967-க்குப் பிறகு சொந்தச் செல்வாக்கில் முதல் மந்திரியானவர்களில், "எனக்குப் போதும், இனி வேறு ஒருவர் வரட்டும்" என்று தாமாக எழுந்து கொடுத்தவர் ஒருவரும் இல்லை. 1963-இல் காமராசர் ஒருவர்தான், கட்சி வேலைக்குப் போகிறேன் என்று காந்தி பிறந்த நாளன்று எழுந்து போனார். அவருக்குப் பின், ஒன்று ஓட்டர் இறக்கினார், அல்லது கோர்ட்டு இறக்கிற்று, அல்லது கவர்னர் இறக்கினார், அல்லது எமன் இறக்கினான். எமன் என்று எழுதுவது பேச்சுவழக்குக்காக. அப்படி ஒருவன் இல்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

மூன்று பேர் பதவியில் இருக்கும்போதே இறந்தார்கள். 1969 பிப்ரவரியில் அண்ணா இறந்தபோது ஒரு வாரத்துக்குள் சட்டசபைக் கட்சியார் கூடித் திரு. கருணாநிதியைத் தேர்ந்தெடுத்தார்கள், மனஸ்தாபம் இருந்தாலும் முறை இருந்தது. 1987 டிசம்பரில் திரு. எம்.ஜி. இராமச்சந்திரன் இறந்தபோது என்ன நடந்தது? கட்சி இரண்டாகப் பிளந்து, அவர் மனைவி ஜானகி அம்மையார் பின்னால் ஒரு கூட்டம், அவரோடு சினிமாவில் நடித்த ஜெயலலிதா அம்மையார் பின்னால் ஒரு கூட்டம். பத்து வருஷம் ஆண்ட கட்சியில், அந்தப் பத்து வருஷத்தில், "எனக்குப் பின் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது" என்று எழுதி வைக்க ஒரு நாள் கிடைக்கவில்லை! 1988 ஜனவரி 28-இல் சட்டசபைக்குள்ளேயே அடிதடி நடந்து, போலீசார் உள்ளே புகுந்து தடியால் அடித்தார்கள். இரண்டு நாளில் மந்திரிசபை போய்விட்டது. 2016 டிசம்பரில் ஜெயலலிதா அம்மையார் இறந்தபோது பாடம் கற்றுக் கொண்டார்களா? 2017 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கூவத்தூர்க் கடற்கரை விடுதியில் ஒரு வாரத்துக்குமேல் வைத்திருந்து, அங்கிருந்து நேரே சட்டசபைக்குக் கொண்டுவந்து கை தூக்க வைத்தார்கள். காபோனில் பட்டாளத்தார் ஒரு பிரசிடெண்டை வீட்டில் அடைத்தார்கள். இங்கே நூற்றுக்கு மேற்பட்ட ஜனப் பிரதிநிதிகள் தாமாகவே அடைபட்டிருந்தார்கள். எது அதிகக் கேவலம் என்று டீக்கடையில் சிரித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி நம் குற்றச்சாட்டின் மூலத்துக்கு வருகிறோம். 1952-இல் காங்கிரசுக்குச் சென்னைச் சட்டசபையில் மெஜாரிட்டி கிடைக்காதபோது, ஒரு ஓட்டுக்கூடக் கேட்காமல், கவர்னர் நியமனத்தால் மேல்சபை அங்கத்தினராகி முதல் மந்திரியானவர் ஆச்சாரியார். அவர் 1953-இல் கொண்டுவந்ததுதான் அந்தக் கல்வித் திட்டம். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தால் போதும். மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். வண்ணான் பிள்ளை வெளுக்கட்டும், குயவன் பிள்ளை பானை செய்யட்டும் என்பது அதன் தாத்பரியம். அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்து இந்த நாடு கொதித்தெழுந்தது. நம் பக்கத்துச் சிற்றூர்களில்கூடக் கூட்டம் போட்டார்கள். 1954-இல் ஆச்சாரியார் விலகினார், காமராசர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போயிற்று. அன்று சொன்னது என்ன? அப்பன் செய்த தொழிலே பிள்ளைக்கு என்பது வருணாசிரமம். பிறப்பை வைத்து வேலையைப் பங்கு போடுவது மனுதர்மம் என்று சொன்னோம்.

இன்றைக்குக் கணக்குப் பாருங்கள். வண்ணார் மகன் கம்ப்யூட்டர் ஆபீசில் இருக்கிறார். குயவர் மகள் டாக்டராக இருக்கிறார். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் ஒரே யந்திரத்தின் முன் நின்று வேலை செய்திருக்கிறார்கள். இந்த ராஜ்யத்தில் அப்பன் தொழிலைப் பிள்ளை தவறாமல் செய்கின்ற தொழில் எது மிச்சமிருக்கிறது? ஒன்று கோயிலில் மணியாட்டும் தொழில். மற்றொன்று கட்சித் தலைமைத் தொழில்! குலக்கல்வியை ஏழையின் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒழித்தவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு மாத்திரம் ஜாக்கிரதையாக எடுத்து வைத்துக் கொண்டார்கள் என்றால் தப்பா?

இது இந்தக் கட்சி அந்தக் கட்சி என்று இல்லை. நம் ஆவடியிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு நடந்தது. சோஷலிச மாதிரிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த மகாநாட்டில்தான் காங்கிரஸ் தலைமை நேருவிடமிருந்து தேபர் என்பவர் கைக்கு வந்தது. ஒருவரே பிரதம மந்திரியாகவும் கட்சித் தலைவராகவும் இருக்க வேண்டாம் என்று அவர் விட்டுக்கொடுத்தது நல்ல காரியந்தான். ஆனால் நாலே வருஷத்தில், 1959-இல், தேபர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் யார்? நேருவின் மகள் இந்திரா காந்தி அம்மையார். சோஷலிசம் ஆவடிப் பொட்டலிலேயே தங்கிவிட்டது. நாற்காலி மாத்திரம் வீடு போய்ச் சேர்ந்தது. 1984-இல் அந்த அம்மையார் கொலையுண்ட அன்றே மகன் பிரதம மந்திரியானார். அந்த மகனும் 1991 மே 21-இல், பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூரில், கோரமாகக் கொல்லப்பட்டார். கொலையை நாம் என்றும் கண்டிப்போம். ஆனால் துக்கம் ஒரு தகுதியாகிவிடக் கூடாது அல்லவா? 1998-இல் மனைவி, 2017-இல் மகன் என்று தலைமை அந்த வீட்டையே சுற்றிற்று. 2022-இல் அந்த வீட்டைச் சேராத இருவர் நின்று, ஓட்டுப் பெட்டி வைத்து, கார்கே என்பவரைத் தேர்ந்தெடுத்ததையும் சொல்லிவிட வேண்டும். கணக்கு என்றால் வரவையும் எழுத வேண்டும்.

தி.மு.க.வில் 1969-இல் தலைவரான திரு. கருணாநிதி 2018-இல் இறக்கும் வரையில் 49 வருஷம் தலைவர். அதே மாதம் மகன் தலைவர். 2024-இல் பேரன் துணை முதல் மந்திரி. வாரிசுக்காகக் கட்சியை வளைக்கிறார்கள் என்று முழங்கி 1994-இல் தனிக்கட்சி கண்ட திரு. வைகோவின் கட்சியில் இன்று அவர் மகனே முன்வரிசைக்கு வந்திருக்கிறார். பா.ம.க.வில் 2025-இல் தகப்பனும் மகனுமே யார் தலைவர் என்று ஊர் பார்க்கச் சண்டையிட்டார்கள். அப்பன் சொத்துக்குப் பிள்ளை வழக்காடுவதைச் சிவில் கோர்ட்டில் பார்த்திருக்கிறோம். கட்சி என்பதும் புன்செய் நிலம் மாதிரி ஆகிவிட்டது. மார்க்சிஸ்டுகள் மாத்திரம் மூன்று முறைக்குமேல் ஒருவரே காரியதரிசியாக இருக்கக் கூடாது என்று விதி எழுதிக் கொண்டார்கள். அவர்களுக்கு ஓட்டு எங்கே விழுகிறது என்று கேலி செய்வார்கள். ஓட்டு விழாதவன் வைத்த விதி என்பதற்காக விதி தப்பாகிவிடுமா?

இதற்கெல்லாம் பதில் சொல்லுகின்றவர்கள் தயாராக ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். "ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தானே வந்தார்கள்? தலைவர் மகனாகப் பிறந்தது குற்றமா? அவருக்குத் தகுதி இல்லையா?" என்பார்கள்.

தகுதி இருக்கலாம். நாம் அதை மறுக்கவில்லை. கோயில் குருக்கள் மகனுக்கு மந்திரம் தெரியாது என்று நாம் எப்போதாவது சொன்னோமா? அவன் தொட்டிலிலேயே மந்திரம் கேட்டவன், நன்றாகவே தெரியும். நாம் கேட்டது, மற்றவன் ஏன் உள்ளே போகக் கூடாது என்பது. வாரிசு அர்ச்சகர் முறையை ஒழித்து 1971-இல் சட்டம் வந்தபோது, அர்ச்சகர் மகன் அர்ச்சகராகவே கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. மகன் என்பது மாத்திரமே பாத்தியதை ஆகாது என்றது. நாற்காலிக்கும் அதே நியாயத்தைத்தான் கேட்கிறோம். மகன் நிற்கட்டும். எதிரே இரண்டு பேர் நிற்க முடிந்ததா? நின்றவனைத் துரோகி என்று சொல்லாமல் விட்டார்களா? ஓட்டுப் பெட்டி வைத்தார்களா, இல்லை "ஏகமனதாக" என்று எழுதி மாலை போட்டார்களா? இருபது லட்சம் அங்கத்தினர், ஒரு கோடி அங்கத்தினர் என்று பறைசாற்றுகின்ற கட்சியில், தலைவர் வேலைக்கு ஒருவர் பேரில் மாத்திரமே மனு வருகின்றது என்றால், அந்த ஒரு கோடி பேரும் மூளையில்லாதவர்களா அல்லது பயந்தவர்களா? இரண்டில் எதைச் சொன்னாலும் அங்கத்தினருக்கு அவமானமே ஒழியத் தலைவருக்குப் பெருமை எங்கே?

அ.தி.மு.க.வார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2001-இலும் 2014-இலும் கோர்ட்டுத் தீர்ப்பால் அம்மையார் பதவி இழந்தபோது, அவர் இடத்தில் ஒரு பரதனை வைத்தார்கள். பதவிக்கு வந்தவர், பதவி தம்முடையது அல்ல என்று காட்டிக் கொள்வதையே தம் யோக்கியதையாகக் கொண்டார். இராமாயணப் பாதரட்சைக் கதையைச் சொல்லிப் பூரித்தார்கள். ஆறு கோடி ஜனங்களின் முதல் மந்திரி, ஜனங்களுக்கு அல்ல, இன்னொருவர் செருப்புக்குக் கட்டுப்பட்டவர் என்பது பூரிக்கிற விஷயமா? பிறகு அம்மையார் இறந்தார். 2017 செப்டம்பரில் பொதுக்குழு கூடி, இறந்த அம்மையாரே நிரந்தரப் பொதுச் செயலாளர் என்று தீர்மானம் செய்தது! செத்தவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதையே நாம் கேலி செய்து வந்தோம். இவர்கள் செத்தவருக்கு உத்தியோகமே கொடுத்தார்கள். நிரந்தரம் எவ்வளவு நாள் இருந்தது? 2022 ஜூலையில் அந்தப் பதவியை மறுபடி உயிர்ப்பித்து, உயிரோடு இருக்கின்றவர் ஒருவரை அமர்த்தினார்கள். அமர்த்துவதற்குள் பொதுக்குழு வழக்கு ஐகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் நடந்தது. முறை இல்லாத வீட்டில் பாகப்பிரிவினையைச் செய்து வைக்கிறவர்கள் வக்கீல்களே.

அடுத்த வீட்டுக் குப்பையை மாத்திரம் கிளறிவிட்டு நம் வீட்டுக் கதவைச் சாத்திக் கொண்டால் நாம் பகுத்தறிவுப் பிரசாரம் செய்யத் தகுதியற்றவர்கள். 1949 ஜூலையில் பெரியார் மணியம்மையாரை மணந்தபோது, இயக்கத்துக்கும் அதன் சொத்துக்கும் நம்பிக்கையான வாரிசு வேண்டும் என்றே காரணம் சொல்லப்பட்டது. அந்த "வாரிசு" என்கின்ற வார்த்தையில்தான் இயக்கம் பிளந்தது. பிரிந்து போனவர்கள் செப்டம்பர் 17-இல் தனிக்கட்சி தொடங்கி, தலைவர் நாற்காலி பெரியாருக்கே என்று சொல்லி, அதைக் காலியாகவே வைத்தார்கள். அண்ணா கடைசி வரையில் அக்கட்சியின் தலைவர் என்று பெயர் போட்டுக் கொள்ளவில்லை. காலி நாற்காலிக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் இருபது வருஷம் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தவர்கள், அதில் ஒருவர் எவ்வளவு காலம் உட்காரலாம் என்று எழுதி வைக்காமல் போனது ஏன்? 1969-இல் உட்கார்ந்தவர் 49 வருஷம் எழுந்திருக்கவில்லை. இந்தப் பக்கம், 1973-இல் பெரியார் மறைந்தபின் மணியம்மையார்; அவர் 1978-இல் மறைந்தபின் தோழர் வீரமணி; அவர் தலைமைப் பொறுப்பில் நாற்பது வருஷத்துக்கு மேல். இவர்களுடைய உழைப்பையும் தியாகத்தையும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உழைப்பும் தியாகமும் இருந்தால் காலவரையறை வேண்டாம் என்று நாமே சொன்னால், அதையே சொல்லுகின்ற மற்றக் கட்சிக்காரனை எந்த வாயால் கேட்பது?

இவ்வளவு தூரம் தில்லி, கோட்டை என்று பேசினோமே, இது ஆவடியில் குடக்கூலிக்கு இருப்பவனுக்கும் திருவேற்காட்டில் பூக்கட்டுகின்றவளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இந்தச் சம்பந்தம் அவர்கள் வீட்டு வாசற் சாக்கடையில் இருக்கிறது. 1993-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சி, நகராட்சிகளுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, காலம் முடிவதற்கு முன்பாகவே, தேர்தல் நடத்தியாக வேண்டும் என்கிறது. அதற்கு முன் சென்னை மாநகராட்சி 1973-இல் கலைக்கப்பட்டு 1996 வரை, இருபத்து மூன்று வருஷம், ஓட்டுப் போட்ட கவுன்சில் இல்லாமல் கிடந்தது. அதனால்தான் அப்படி ஒரு சட்டம் தேவையாயிற்று. சட்டம் வந்தபின் என்ன ஆயிற்று? 2016 அக்டோபரில் நகராட்சிகளின் காலம் முடிந்தது. இட ஒதுக்கீட்டு வழக்கு, வார்டு எல்லை என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லி, 2022 பிப்ரவரி 19 வரை தேர்தலே இல்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி! அம்பத்தூர் 2011-லேயே சென்னையோடு சேர்க்கப்பட்டுத் தன் நகராட்சியை இழந்தது. இருந்த கவுன்சிலரும் 2016-இல் போனார். ஆவடி 2019-இல் மாநகராட்சி என்று பட்டம் பெற்றது. மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை, பெயர்ப் பலகை மாத்திரம் மாறிற்று. 2021 நவம்பர் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, நீங்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள்? அடுத்த தேர்தலில் உங்கள் ஓட்டுக்குப் பயப்பட வேண்டியவர் ஒருவராவது அந்த நகராட்சியில் இருந்தாரா?

இது அ.தி.மு.க. ஆட்சியில் நடந்தது என்று தி.மு.க. தோழர்கள் சந்தோஷப்பட வேண்டாம். திருவள்ளூர் ஜில்லாக் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5-இல் காலம் முடிந்தது. உடனே வந்தது தேர்தலா? அதே தனி அலுவலர்தான் வந்தார். பட்டாளத்தான் துப்பாக்கியோடு வந்து ஆட்சியைப் பிடித்தால் உலகப் பத்திரிகை எழுதுகிறது. பைல் கட்டோடு ஒரு உத்தரவு வந்து ஊராட்சி மன்றத்தைப் பூட்டினால் நம் ஊர்ப் பத்திரிகையில் மூன்றாம் பக்கத்தில் கால் பத்தி.

தேர்தல் நடந்தால்தான் என்ன? பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் செய்தாயிற்று. அம்மையார் ஜெயிக்கிறார், வீட்டுக்காரர் வார்டைச் சுற்றுகிறார், காண்டிராக்டரோடு பேசுகிறார், மனு வாங்குகிறார். "கவுன்சிலர் எங்கே அம்மா" என்று கேட்டால், ஜெயித்தவரே, "வெளியே போயிருக்கிறார், சாயந்திரம் வருவார்" என்று சொல்லுகின்ற வேடிக்கையும் நடக்கிறது! தலைமை கைமாறவேண்டிய இடத்தில் மாறாமல், மாறக்கூடாத இடத்தில் மாறிவிடுகிறது. எல்லோரும் அப்படி இல்லை. தாமே எழுந்து கமிஷனரைக் கேள்வி கேட்கின்ற பெண் அங்கத்தினர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அவர்களை ஊரார் "வாயாடி" என்கிறார்கள்.

2022 மார்ச்சில் பதவியேற்ற நகராட்சி அங்கத்தினர்களின் காலம் ஐந்து வருஷம். 2027 தொடக்கத்தில் அது முடிகிறது. காலம் முடியுமுன் தேர்தல் வருமா, தனி அலுவலர் வருவாரா என்று இப்போதே கேட்க ஆரம்பிக்க வேண்டும். முடிந்தபின் கேட்டால் கோர்ட்டில் வழக்கு இருக்கிறது என்பார்கள். அதற்கும் முந்தி ஒரு சின்னக் காரியம் இருக்கிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர்ப் பக்கத்து வாசகர்களில் எந்தக் கட்சியில் இருப்பவரானாலும் சரி, உங்கள் வார்டுக் கிளையின் காரியதரிசியைத் தேர்ந்தெடுக்கக் கடைசியாக எந்தத் தேதியில் ஓட்டுப் பெட்டி வைத்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை ஓட்டு விழுந்தது என்பதை ஒரு கார்டில் எழுதி நமக்கு அனுப்புங்கள். உங்கள் பெயர் போட மாட்டோம். வார்டு எண்ணும் தேதியும் மாத்திரம் போடுவோம். பெட்டியே வைக்கவில்லை என்றால் அதையும் எழுதலாம்.